என்னைக் கண்டால் காரை நிப்பாட்டாதேங்கோ

அன்புள்ள தங்கச்சி தங்கமலருக்கு,

அக்கா விமலராணி எழுதுவது. மாதாவின் கிருபையால் இங்கு எல்லோரும் நலம். என் முழங்கால் மட்டும் அதில் சேராது. உன் இஷொய் நகரில் ரயில் இருக்கிறது என்று நீ புழுகும்போதெல்லாம் எனக்கு வாசலில் பஸ் இருக்கிறது என்பேனே, அந்தப் பஸ்ஸுக்குத்தான் இப்போது ஆபத்து.

எங்கள் ஊர் வடக்குப் பக்கம் வளர்ந்துவிட்டது. பார்லி விளைந்த வயலெல்லாம் புது வீடுகள். அங்கே விடுவதற்கு எங்கள் தெருப் பஸ்ஸைத்தான் ஊரை நிர்வகிக்கும் கொம்யூன் கந்தோர் எடுக்கப் பார்க்கிறது. தள்ளுவண்டியில் பிள்ளையோடு நிற்கும் அந்தப் பக்கத்துத் தாய்மாரை நினைத்தால் பிழை என்று சொல்லவும் வாய் வரவில்லை. ஆனால் மருமகளைக் கேட்காமல் கோயிலுக்கும், முதியோர் இல்லத்தில் இருக்கும் என் சிநேகிதி அன்னாவிடமும் நானாகப் போய்வருவது இந்தப் பஸ்ஸில் அல்லவா? ஊர்க்கூட்டத்தில் எழும்பிக் கேட்டேன். இரண்டு கிழமை ஆட்களை எண்ணுவோம், ஏறுகிறவர்கள் இருந்தால் பஸ் இருக்கும் என்றார்கள்.

திங்கள் காலையே சீலைக்கு மேல் கோட் போட்டுத் தரிப்பிடத்தில் நின்றேன். பஸ்ஸுக்கு முன்னம் எங்கள் கோயில் பவளராணியின் மகன் பிரதீபனின் கார் வந்து நின்றது.

"என்ன அன்ரி, குளிருக்குள்ள நிக்கிறியள்? ஏறுங்கோ."

"இல்லை ராசா, நான் பஸ்ஸிலதான் போறன்."

"உங்களை ரோட்டில விட்டிட்டு வந்தனெண்டு அறிஞ்சால் அம்மா எனக்குச் சோறு போடமாட்டா."

ஏறினேன். மறுநாள் மரியரட்ணம் அண்ணை. அடுத்தநாள் மரத்துக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன், சுஜீதா கண்டுபிடித்து, "வீட்டில ஏதும் சண்டையோ?" என்று கேட்டபடி கதவைத் திறந்தாள். யோசித்துப் பார், இத்தனை வருடமாக எங்கள் சனம் ஒருவரையொருவர் ஏற்றி இறக்கித்தான் இங்கே சீவிக்கிறது. அதை ஆர் எண்ணுவது? கொம்யூனைக் கேட்டால் இந்தத் தெருவில் போக்குவரத்துக்கு ஆட்களே இல்லை.

ஞாயிறு பூசை முடிய எழும்பி, "என்னைக் கண்டால் ஒருத்தரும் காரை நிப்பாட்டாதேங்கோ" என்றேன். "விமலாக்காவுக்கு எங்களைப் பற்றி ஆரோ என்னவோ சொல்லிப்போட்டினம்" என்று பவளராணி அழுதே விட்டாள். அதன் பிறகு ஒவ்வொரு நாளும் பஸ்ஸில்தான் போனேன், தனி ஆளாக. நாளை கடைசி நாள். இந்தக் கடிதத்தையும் பஸ்ஸில் கொண்டுபோய்த்தான் தபாலுக்குக் கொடுப்பேன்.

மச்சானை விசாரித்ததாகச் சொல். பிள்ளைகளை மாதா காப்பாள்.

உன் அக்கா,
விமலராணி

பி.கு.: மறுநாள் காலை, இதைக் காருக்குள் இருந்து எழுதுகிறேன். பிரதீபன் நான் சொன்னபடியே, காணாத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு போனான். மழைகூட இல்லை, ஆனால் அவன் அப்படிப் போவதைப் பார்க்க மனம் கேட்கவில்லை. நான்தான் கையைக் காட்டி நிப்பாட்டினேன். திரும்பிப் பார்த்தால் பின்னால் பஸ் வெறுமையாக வருகிறது.