இருநூற்றுப் பன்னிரண்டுக்கும் ஐந்து நட்சத்திரம்

கோவில்பட்டி,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மைத்துனன் விஜயராஜுக்கு, அத்தான் அய்யாத்துரை எழுதுவது. இங்கே வெயில் அமோகமாக இருக்கிறது, நாங்கள் சுமாராக இருக்கிறோம். சென்னையில் நீயும் பிள்ளைகளும் நலம்தானே? வாட்ஸ்அப்பில் எழுதினால் பாதி படித்துவிட்டுக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிடுகிறாய். அதனால்தான் தபால்.

நீ கொண்டுவந்த தூத்துக்குடி வரன் இசக்கிராஜா வீட்டில், பதினைந்தாம் தேதிக்குள் நம் ஜெயப்பிரியாவின் போட்டோ கேட்டிருக்கிறார்கள் அல்லவா? அதற்கு ஒரு நல்ல சாஃப்ட்வேர் வேண்டும். போன தடவை ஸ்டூடியோக்காரர் பிள்ளையைச் சுண்ணாம்பு அடித்த சுவராக்கிக் கொடுத்தார். அந்தப் போட்டோவைப் பார்த்து நாகலாபுரத்திலிருந்து பெண் பார்க்க வந்த அம்மாள், ஜெயப்பிரியா காபித் தட்டை நீட்டியபோது, "பொண்ணை எப்பம்மா கூப்பிடுதீய?" என்று உன் அக்காவிடம் கேட்டார். பிள்ளை தட்டோடு அப்படியே நின்றாள். அன்றைக்கு நான் பட்ட வேதனை கொஞ்சமல்ல. மணியாச்சி ஸ்டேஷனில் முப்பத்திரண்டு வருடம் ரயில் சிக்னல் பார்த்தவன், கண்ணுக்கு நிறம் சரியாகத் தெரிகிறது என்று டாக்டரிடம் சான்றிதழ் வாங்கி வாங்கியே ஓய்வு பெற்றவன், என் மகள் என்ன நிறம் என்று எனக்குத் தெரியாதா? நானே எடுக்கிறேன் என்று கேமரா வாங்கினேன்.

"ரா ஃபைலா எடுங்க அண்ணாச்சி, உள்ளது உள்ளபடி இருக்கும்" என்றார் கடைக்காரர். எடுத்தேன். முப்பது நாள் இலவசம் என்று மூன்று சாஃப்ட்வேர் இறக்கி ஒரே படத்தைத் திறந்தால், ஒன்றில் பிள்ளை செங்கல், ஒன்றில் பாசி, மூன்றாவதில் காய்ச்சலில் கிடந்து எழுந்தவள். "ரா ஃபைலுல நிறம் இன்னும் முடிவாகலப்பா. ஒவ்வொண்ணும் அதுக்குத் தோணுனதைக் காட்டுது" என்றாள் ஜெயப்பிரியா. பெற்றவன் நான் இருக்க முடிவெடுக்க அதுகள் யார்? எப்போதும்வென்றான் ஊர்ப் பருத்திக் காட்டுக்குக் கூட்டிப்போய், வெடித்த பருத்தி ஒன்றைக் கையில் கொடுத்து எடுத்தேன். திரையில் அந்தப் பருத்தியைத் தொட்டு இதுதான் வெள்ளை என்று சொல்லிக்கொடுத்ததும், மூன்றிலும் மகள் மகளாக வந்துவிட்டாள். அச்சு அசல் என் கறுப்பு. அவ்வளவு அழகு, எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இப்போது சிக்கல் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதில். மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு படம். முதல் சாஃப்ட்வேர் நட்சத்திரம் போடச் சொன்னது, எல்லாவற்றுக்கும் ஐந்து போட்டேன். இரண்டாவது, வேண்டாததற்கு 'நிராகரி' என்ற பொத்தானை அமுக்கச் சொல்கிறது. கண்ணை மூடியிருக்கிற படத்துக்குக்கூட எனக்குக் கை வரவில்லை, விஜயராஜ். அந்த வேலைக்கு வெளியில் ஆள் இருக்கிறார்கள். மூன்றாவது எதுவுமே கேட்காமல் சும்மா இருக்கிறது, அதனால் அது நல்லதா மட்டமா என்று தெரியவில்லை. எதையும் தள்ளாமல் ஒன்றை மட்டும் எடுத்துத் தருகிற சாஃப்ட்வேர் இருந்தால், கடிதம் கண்டதும் போன் செய்.

உன் வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல். பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல் நன்றாகப் படிக்கட்டும்.

இப்படிக்கு,
அத்தான் அய்யாத்துரை

பி.கு: தபாலில் போடக் கிளம்பும்போது ஜெயப்பிரியா வாங்கிப் படித்துவிட்டாள். போன வாரமே உன் அக்காவும் அவளும் தூத்துக்குடி போய், பையனையும் அவன் அம்மாவையும் நேரில் பார்த்துப் பேசிவிட்டார்களாம். எனக்குத்தான் யாரும் சொல்லவில்லை. பையன் வீட்டாருக்கு அப்போதே பிடித்துப்போயிற்றாம். "அப்ப முடிச்சிருவோமாட்டி?" என்றேன். "அவிய சொல்லிட்டாவ. நான் இன்னும் சொல்லலியேப்பா, யோசிக்கணும்" என்கிறாள். மாப்பிள்ளை வீட்டார் ஐந்து நாளாகக் காத்திருக்கிறார்கள், விஜயராஜ்!