போகாத முதுகுவலி

"இங்கயாங்க?"

"இன்னும் கொஞ்சம் கீழ."

மனைவி மருதாம்பாளின் கட்டைவிரல் தைலத்தோடு கீழே இறங்கியது. அங்கேயும் வலி இல்லை. ஆறுமுகசாமி கண்ணை மூடிக்கொண்டு, "அம்மாடி" என்று முனகினார்.

அவர் வெலிங்டனில் ராணுவ அலுவலகம் ஒன்றில் குமாஸ்தா. போன மழைக்காலத்தில் நாற்காலியை விட்டு எழ முடியாமல் இடுப்பு பிடித்துக்கொண்டது. டாக்டர் யோகா செய்யச் சொல்ல, குன்னூரில் ஜெஃப்ரி மாஸ்டர் நடத்தும் ஆண்கள் வகுப்பில் சேர்ந்தார். முதலில் குனிந்தால் கை முழங்காலைத் தாண்டவில்லை. நாளாக ஆக முதுகு இளகியது. தொப்பை வற்றியது. மார்க்கெட்டிலிருந்து வீட்டுக்கு மேடு ஏறும்போது மூச்சு வாங்கவில்லை. ஒருநாள் காலையில் எழுந்தால் வலி சுத்தமாக இல்லை.

அதை அவர் வீட்டில் சொல்லவில்லை.

மகள் மனிஷா கல்யாணமாகிக் கோவைக்குப் போனபின் அந்த வீட்டில் "சாப்பிடறீங்களா", "ம்" என்பதற்கு மேல் பேச்சில்லை. தைலம் தேய்க்க உட்கார்ந்த பிறகுதான் மருதாம்பாள் வாய் திறந்தாள். நடுவட்டத்தில் அவள் அப்பா கடை வைத்திருந்தது, பனியில் பஸ்ஸுக்கு நடுங்கிக்கொண்டு நின்றது, கல்யாணமாகி வந்த புதிதில் ஒளிந்து அழுதது... எல்லாம் அவர் கேட்டிராத கதைகள். பதிலுக்கு அவரும் ஆபீஸ் கதைகளைச் சொன்னார். அவள் சிரித்தாள். வலி போனால் இதுவும் போய்விடும்.

"நாளைக்கும் தேய்க்கோணுங்க," என்று தினமும் சொல்லிவிட்டுத்தான் அவள் எழுந்திருப்பாள்.

லீவுக்கு வந்த மனிஷா, "இன்னுமா வலிக்குது?" என்று கேட்டபோது அவள் நம்பட்டுமே என்று அவர் சுவரைப் பிடித்து நடந்து காட்டினார். அவள் அழுதேவிட்டாள். கோவையில் பெரிய டாக்டரிடம் பேசி, ஆப்பரேஷன் என்று முடிவாயிற்று.

"இப்ப வலியே தெரியலம்மா," என்று அவர் பின்வாங்கினார்.

"நரம்பு மரத்துப்போனா அப்படித்தான் இருக்குமாம்ப்பா. சீக்கிரமே பண்ணிரலாம்."

ஆபீஸ் நண்பர்கள் ஆப்பிளோடு வந்து, கட்டிலைச் சுற்றித் தலை குனிந்து நின்றார்கள். மருதாம்பாள் அவர்களுக்கு டீ கொடுத்தாள்.

கோவைக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் அவர் ஜெஃப்ரியிடம் ஓடினார். உண்மையாகவே ஓடினார்.

"மாஸ்டர், எனக்கு ஒரு வலியும் இல்லீங்க."

"தெரியுமே சார். வில்லா வளைஞ்சு சக்கராசனம் போடறவருக்கு என்ன வலி?"

"ஆப்பரேஷன் வேண்டாம்னு நீங்கதான் மனிஷாகிட்ட சொல்லோணும். ஆனா சரியாயிருச்சுன்னு எங்க ஊட்டுல தெரியக்கூடாது." ஏன் என்பதையும் சொன்னார்.

ஜெஃப்ரி பாயைச் சுருட்டி மூலையில் வைத்தார்.

"காலைல உங்க வீட்டம்மா வந்திருந்தாங்க சார். 'ஆப்பரேஷன எப்படியாவது நிறுத்திருங்க, ஆனா அவருக்கு வலி போயிருச்சுன்னு எனக்குத் தெரியும்கறத மட்டும் அவருகிட்ட சொல்லிராதீங்க, அப்புறம் நான் யாருகிட்டங்க பேசறது'ன்னு கேட்டாங்க."