வராஜ்தினில் மேடு எந்தப் பக்கம்

வராஜ்தினுக்குத் தான்தான் போவதென்று பழனிச்சாமி முடிவெடுத்தார். அதை மனைவியிடம் சொல்லும் தைரியத்தை மட்டும் இன்னும் எடுக்கவில்லை.

குரோஷியா நாட்டில் அது ஒரு சின்ன ஊர். மகள் தமிழ்மதிக்கு அங்கே ஓட்டலில் வேலை. அவளைப் பார்த்து இரண்டு வருஷம். ‘அப்பாவோ அம்மாவோ யாராவது ஒருத்தர் வந்து ஒரு மாசம் இருங்க’ என்று எழுதி, ஊரின் தெருப்படத்தையும் வழிகாட்டிப் புத்தகத்தையும் அனுப்பியிருந்தாள். இன்னொருவர் இங்கே மலையூர் வடகவுஞ்சியில் பூண்டுக் காட்டைப் பார்க்க வேண்டும். பூண்டு முற்றும் நேரம். காட்டெருமை இறங்கும் நேரமும் அதுதான்.

மூன்று நாள் படத்தை விரித்துப் படித்தார். குழப்பம் நன்றாக விளைந்தது.

"உலிகான்னு யாரோ பெரிய தலைவரு போல, ஜோதி. எல்லாத் தெருவுக்கும் அவரு பேருதான்."

"உலிட்சாங்க. அவுக பாசையில தெருன்னு அர்த்தம். மக போன்ல சொன்னா."

"அப்ப இந்த ட்ரக்கு? நடு ஊருல இத்தன லாரி ஸ்டாண்டா?"

"அதுவும் அவுக பாசைதான். பொதுத்திடலுன்னு அர்த்தம்."

"பூச்சிகளுக்குன்னு ஒரு மாளிக வச்சிருக்கான் பாரு."

"நம்ம கோஸுக் காட்டுக்கு வந்தா டிக்கெட் இல்லாமப் பாக்கலாம்."

இவளுக்கு இவ்வளவு தெரிந்தது பழனிச்சாமிக்கு நல்லதாகப் படவில்லை.

"ஊரு பேரக் கேட்டியா, வராஜ்தின். வராதேன்னு உன்னய முன்னாடியே சொல்லிருச்சு."

"வராதீங்கன்னு மரியாதையா இல்ல சொல்லுது. அது உங்களத்தான்."

அப்போதுதான் அவருக்கு வலது முட்டி நினைவு வந்தது. அவருடையதல்ல, அவளுடையது. மலைக்காரருக்குத் திசை இரண்டே இரண்டு: மேலே, கீழே. வடக்கு தெற்கெல்லாம் சமவெளிக்காரர்களின் ஆடம்பரம்.

"இங்கன பாரு. பஸ் ஸ்டாண்டு கீழ கெடக்கு. மக வீடு தாளோட உச்சியில. அம்புட்டும் ஏத்தம். உன் முட்டி தாங்குமா?"

"தாங்காதுங்க."

இவ்வளவு சுலபமாக ஜெயித்துப் பழக்கமில்லாத மனிதர், கொஞ்சம் தடுமாறினார்.

"வெசனப்படாத. நான் போயி புள்ளையப் பாத்துட்டு வர்றேன்."

"சரிங்க. வீட்டுக்கும் மேல நீலமா ஓடுதே, அது என்ன?"

"ஆறு. திராவான்னு பேரு."

"ஆறு எங்கனயாச்சும் மேட்டு உச்சியில ஓடுமா?"

பழனிச்சாமி ஐம்பத்தெட்டு வருஷம் மலையில் வாழ்ந்தவர். ஆற்றையும் மறுக்க முடியவில்லை, படத்தையும் மறுக்க முடியவில்லை. குனிந்து ஆற்றை விரலால் தடவிப் பார்த்தார்.

ஜோதிமணி தாளைத் தலைகீழாகத் திருப்பி வைத்தாள். ஆறு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. அதன் பக்கத்தில் மகள் வீடு. பஸ் ஸ்டாண்டு உச்சிக்கு ஏறிவிட்டது.

"இப்படில்ல பிடிக்கணும். பஸ்ஸ விட்டு எறங்குனா வீடு வரைக்கும் எறக்கம். என் முட்டிக்குன்னே கட்டுன ஊருங்க."

"எழுத்தெல்லாம் தலகீழா இருக்கே."

"நேரா இருந்தப்ப மட்டும் புரிஞ்சுதாக்கும்."

அவர் கழுத்தை ஒரு பக்கமும் தாளை மறு பக்கமும் சாய்த்துப் பார்த்தார். எப்படிச் சாய்த்தாலும் ஆறு பள்ளத்தைத்தான் தேடியது.

ஜோதிமணி அவர் கையிலிருந்து படத்தை வாங்கி மடித்துத் தன் பாஸ்போர்ட்டுக்குள் வைத்தாள்.

"பூண்டுக் காட்டுக்கு வழி தெரியும்ல, இல்ல அதுக்கும் ஒரு படம் போட்டுத் தரட்டா?"