கை காட்டுகிறவன்

மாலை கழுத்தில் விழுந்த பிறகுதான் ஹியூபேட்டுக்கு விஷயம் விளங்கியது. அதுவரை, ரிக்ஷோவில் வந்து இறங்கும் றங்குப்பெட்டிக்கெல்லாம் வெள்ளவத்தையில் இப்படித்தான் மரியாதை செய்வார்களாக்கும் என்று நினைத்துக்கொண்டு நின்றான்.

பெட்டி அவனுடையதல்ல. மூடியில் 'புரொபெசர் பேர்னாட், ரங்கூன்' என்று வெள்ளை மையில் எழுதியிருந்தது. நவீன நடனத்தில் பெரிய ஆள். கொழும்பு நடனச் சங்கத்தார் பத்து நாள் பயிற்சி வகுப்புக்கு அவரை அழைத்திருந்தார்கள். பெட்டி கப்பலில் ஒழுங்காக வந்து சேர்ந்தது. பெட்டிக்காரர் வழியில் காய்ச்சல் வந்து சென்னையில் இறங்கிவிட்டார். அடுத்த கப்பல் பத்து நாள் கழித்துத்தான். பெட்டியையும் இந்தச் செய்தி எழுதிய கடிதத்தையும் சங்கத்தில் ஒப்படைக்க ஒரு ஆள் வேண்டும் என்றபோது துறைமுகத்தில் முதலில் கை தூக்கியவன் ஹியூபேட்.

கை தூக்குவதுதான் அவன் தொழிலும். கப்பலின் கிடங்கிலிருந்து மூட்டை தூக்கும் விஞ்சு இயந்திரக்காரனுக்குக் கிடங்கின் உள்ளே என்ன நடக்கிறதென்று தெரியாது. விளிம்பில் ஒருவன் நின்று ஏற்று, இறக்கு, நிற்பாட்டு என்று கையால் காட்டவேண்டும். கொட்டாஞ்சேனையில் ஹியூபேட்டின் கைக்கு நல்ல பெயர் இருந்தது. சுங்கத்துப் பெரிய கிளார்க் அல்பிறெட் மட்டும் அதை மதிக்கவில்லை. போன மாதம் பெண் கேட்டுப் போன ஹியூபேட்டின் பெரியம்மாவிடம், "கப்பலில கை காட்டுறவனுக்கோ என்ர மகளைக் குடுக்கிறது?" என்று கேட்டுக் கதவைச் சாத்தியவர் அவர். மாப்பிள்ளையின் முகத்தைக்கூட அவர் பார்க்கவில்லை.

அவருடைய மகள் பேர்ணடெற்தான் இந்த வகுப்புக்குப் பியானோ வாசிக்கிறவள். வெள்ளவத்தைக்குப் பெட்டி சுமக்க ஹியூபேட் ஏன் முந்திக்கொண்டான் என்பதை இனி விளக்கத் தேவையில்லை.

"மிஸிஸ், நான் புரொபெசர் இல்லை. நான் வந்து..."

"ஓ, வட் மொடெஸ்ரி!" என்றார் சங்கத் தலைவி மிஸிஸ் கொன்ஸ்ரன்ஸ். "பெரிய ஆர்ட்டிஸ்ட்மார் இப்பிடித்தான், தங்களை ஒண்டுமில்லை எண்டு சொல்லுவினம்!"

அந்த அம்மாள் நன்றாகக் கதைப்பார். கேட்கும் வேலையை அவர் ஒருநாளும் வைத்துக்கொண்டதில்லை. ஹியூபேட் சட்டைப்பையிலிருந்து கடிதத்தை எடுக்கப் போனான். அதற்குள் மாலையைச் சரிசெய்வதுபோல் பேர்ணடெற் கிட்ட வந்துவிட்டாள்.

"கடிதத்தை உள்ள வையுங்கோ."

"பேர்ணடெற், இவையள் என்னை..."

"புரொபெசர் வரேல்லை எண்டு தெரிஞ்சா இண்டைக்கே வகுப்பை மூடிப்போடுவினம். மூடினா என்ர வேலை போச்சு. பத்து நாளும் வாசிச்சா வேலையை நிரந்தரமாக்குவினமாம். வேலை நிரந்தரமானா எனக்குப் பேசி வைச்சிருக்கிற ஹெந்தளை மாப்பிள்ளையை வேண்டாமெண்டு சொல்லுவன் எண்டு அப்பா வாக்குக் குடுத்தவர்."

"எனக்கு ஆடத் தெரியாதே!"

"இஞ்ச நிக்கிற ஒருத்தருக்கும் தெரியாது. பிறகு என்ன பயம்?"

ஹெந்தளை மாப்பிள்ளை என்ற சொல் கேட்டதும் கடிதம் தானாகவே பைக்குள் இறங்கிக்கொண்டது.

மண்டபத்தில் பன்னிரண்டு மாணவர்கள் வரிசையில் நின்றார்கள். முன்வரிசையில், புதுக்கடையில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருக்கும் ஷிப்லி. அவர் ஒருவரே இரண்டு பேரின் இடத்தை எடுத்துக்கொண்டு, கழுத்து ஒரு பக்கம் கோணியபடி வேதனையோடு நின்றார். காரணம் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸ். அதில் புரொபெசரின் முகம் தெரியாத நிழலுருவம் இருந்தது. தலையைச் சரித்து, காதைக் கூர்மையாக்கி, ஒற்றை விரலால் காற்றைத் தட்டுகிற கோலம். கீழே, 'வானத்தின் நாதத்தைச் செவிமடுக்கும் உலகப் புகழ்பெற்ற நிலை' என்று அச்சடித்திருந்தார்கள்.

"ரெண்டு நாளா ஊட்டுல இதத்தான் பழகினேன், மாஸ்டர்" என்றார் ஷிப்லி. "இப்ப கழுத்து திரும்புதில்ல. என்ன செய்ய, செல்லுங்க."

ஹியூபேட்டுக்கு மனம் பொறுக்கவில்லை. "கழுத்தை விடுங்கோ. கையை மட்டும் பாருங்கோ" என்று சொல்லி, வலக்கையை உயர்த்தி, விரலை மெல்லச் சுழற்றினான். துறைமுகத்தில் அதற்கு ஏற்று என்று அர்த்தம். பன்னிரண்டு கைகள் உயர்ந்தன. பியானோ முழங்கியது. ஏழாவது கட்டை மட்டும் சளி பிடித்த குரலில் முனகியது.

"இதின்ர தத்துவம் என்ன, புரொபெசர்?" மிஸிஸ் கொன்ஸ்ரன்ஸ் பென்சிலும் கையுமாக நின்றார்.

"பாரம் மேல வருகுது."

"ஆஹா! ஆன்மாவின்ர பாரம்!" எழுதிக்கொண்டார். "இரண்டு கையையும் விரிக்கிறியளே, அது?"

"கீழ நிக்கிறவன் விலகோணும். இல்லாட்டித் தலை போயிடும்."

மிஸிஸ் கொன்ஸ்ரன்ஸ் கைலேஞ்சியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நான்கு நாள் நல்லபடியாகப் போயிற்று. ஐந்தாம் நாள் ஷிப்லி பின்னால் நகர்ந்து பெட்டியில் முட்ட, உள்ளே இரும்புச் சத்தம் கலீரென்றது.

"சலங்கை!" என்று எல்லோரும் கத்தினார்கள். "திறவுங்கோ புரொபெசர், பாப்பம்!"

சாவி சென்னையில் காய்ச்சலோடு கிடந்தது. பத்தாம் நாள் காலையில் கப்பல் வந்துவிடும், பெட்டியும் சாவியும் ஆளும் ஒன்றாகிவிடும் என்று கணக்குப்போட்ட ஹியூபேட், "கடைசி நாள்தான் திறக்கிறது" என்று சொல்லித் தப்பினான்.

தப்பினதாக அவன் நினைத்தான். மிஸிஸ் கொன்ஸ்ரன்ஸ் அன்று மாலையே அச்சகத்துக்கு ஓடினார். கடைசி நாள் மாபெரும் நடனக் காட்சி! முந்நூறு அழைப்பிதழ் பாமன்கடையிலிருந்து கொட்டாஞ்சேனை வரை பறந்தது. ஒன்று சுங்கத்து அல்பிறெட்டின் மேசையில் போய் விழுந்தது.

ஏழாம் நாள் ஜன்னலுக்கு வெளியே ஒருவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். ஹியூபேட்டின் கைக்குப் பதினாலு வருடமாக விஞ்சு ஓட்டுகிற பற்றிக். நாலு மணியானால் கூட்டாளி எங்கே மாயமாகிறான் என்று தேடிக்கொண்டு வந்திருந்தான்.

"டேய் மச்சான், சீமெந்து இறக்கிறதுக்கு ஏன்டா பியானோ?"

"வாயைப் பொத்தடா! உனக்கும் ஒரு வேலை தாறன். திரைக்கயிறு இழுப்பியோ?"

"கயிறோ? அது என்ர ரத்தத்தில ஊறினது!" என்றான் பற்றிக்.

அது உண்மை என்பதுதான் பின்னால் பெரிய தொல்லையாகிவிட்டது.

பத்தாம் நாள் காலை கப்பல் வரவில்லை. மத்தியானமும் வரவில்லை. ஆறு மணிக்கு, மன்னரின் முடிசூட்டு விழாவுக்கென்று வாங்கிய நாற்காலிகள் அத்தனையும் நிரம்பிவிட்டன. முன்வரிசை நடுவில் அல்பிறெட் கைகட்டி உட்கார்ந்திருந்தார். பேர்ணடெற் பியானோவுக்கு முன்னால் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டாள். ஹியூபேட் திரையோரம் மறைந்து நின்றான்.

திரை உயர்ந்தது. பன்னிரண்டு பேரும் அழகாகத்தான் ஆரம்பித்தார்கள். முதலில், கையைத் தாழ்த்தி உள்ளங்கையைக் கீழே அழுத்தினார்கள்.

இறக்கு என்று அர்த்தம். பற்றிக் திரையை இறக்கினான்.

சபை திகைத்தது. திரைக்குப் பின்னால் ஆட்டம் தொடர்ந்தது. கை உயர்ந்து விரல் சுழன்றது. திரையும் உயர்ந்தது. கை பாதியில் நின்றது. திரையும் பாதியில் நின்று, இருபத்துநான்கு கால்களை மட்டும் சபைக்குக் காட்டியது.

"டேய், என்னடா செய்யிறாய்?" ஹியூபேட் பல்லைக் கடித்தான்.

"நான் எங்க செய்யிறன்? கை சொல்லுது, கயிறு கேக்குது! பதினாலு வருஷப் பழக்கம், இப்ப விடச்சொன்னா விடுமே?"

"கண்ணை மூடிக்கொண்டு நில்லு!"

பற்றிக் கீழ்ப்படிந்து கண்ணை மூடினான். பயத்தில் கையும் கொஞ்சம் தளர்ந்தது. திரையின் அடியில் கட்டியிருந்த கனத்த மரக்கட்டை, மெய்மறந்து ஆடிக்கொண்டிருந்த ஷிப்லியின் தலைக்கு நேரே இறங்கத் தொடங்கியது.

ஹியூபேட்டுக்குப் பயம், வெட்கம், அல்பிறெட் எல்லாம் மறந்துபோயிற்று. ஒரே பாய்ச்சலில் மேடை நடுவில் நின்று, "பற்றிக்!" என்று முழங்கி, இரண்டு கைகளையும் உயர்த்தி, நிற்பாட்டு என்று முட்டியை இறுக்கினான்.

பற்றிக் கண்ணைத் திறந்து கயிற்றைப் பிடித்தான். மரக்கட்டை ஷிப்லியின் தொப்பிக்கு நாலு விரல் மேலே நின்றது. பத்து நாள் பழகிய பன்னிரண்டு பேரும் நின்ற நிலையில் உறைந்தார்கள். பியானோ நின்றது. சபையில் இருமியவர்கூட இருமலைப் பாதியில் நிறுத்திவிட்டார். ஹியூபேட் வலக்கையை மட்டும் அவிழ்த்து, ஒரு விரலை மெல்ல, மிக மெல்லச் சுழற்றினான். திரை உயர்ந்தது. ஷிப்லி உயர்ந்தார். மற்றவர்களும் உயர்ந்தார்கள். பேர்ணடெற் உள்ள பலத்தையெல்லாம் கூட்டிப் பியானோவை அடித்தாள்.

சபை எழும்பி நின்று கை தட்டியது. "திரையையும் ஆடவைச்சிட்டார்! இதுவல்லோ மொடேர்ன்!" என்று மிஸிஸ் கொன்ஸ்ரன்ஸ் அழுதார். பேர்ணடெற்றின் வேலையை அந்த இடத்திலேயே நிரந்தரமாக்கினார். ஷிப்லி தனக்கு நேரவிருந்தது என்னவென்று தெரியாமலே மூன்றுதரம் வணங்கினார்.

காட்சி முடிந்ததும் அல்பிறெட் மேடைக்குப் பின்னால் ஓடிவந்து ஹியூபேட்டின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"புரொபெசர், கையெண்டா இதுவல்லோ கை! முந்நூறு பேரை மூச்சு விடாமல் நிப்பாட்டிச்சுதே! போன மாசம் எவனோ கப்பலில கை காட்டுறவனாம், பொம்பிளை கேட்டு ஆள் அனுப்பினவன். உங்கட கையைப் பாத்தானெண்டா வெட்கத்தில செத்துப்போவான்."

"அந்தக் கையைத்தான் பிடிச்சுக்கொண்டு நிக்கிறியள், அப்பா" என்றாள் பேர்ணடெற்.

அல்பிறெட் பிடித்த கையைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். வெளியே இன்னும் ஓயாத கைதட்டலைக் கேட்டார். சொன்னதைத் திரும்ப விழுங்க ஒரு நிமிடம் பிடித்தது.

"பெரியம்மாவை ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய வீட்டை வரச்சொல்லும்" என்று கையை விடாமலே சொன்னார்.

ஹியூபேட்டுக்குக் கால் தரையில் படவில்லை. வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷத்தை அவன் கண்டதில்லை.

அல்பிறெட் போன பிறகு, வாசலில் கைப்பையோடு ஒரு ஒல்லி மனிதர் நின்றார். காய்ச்சலில் கிடந்த முகம்.

"அந்தப் பெட்டி என்னோடதுங்க" என்றார்.

ஹியூபேட்டின் கால் உடனே தரைக்கு வந்தது. "ஐயா, என்னை மன்னிக்கோணும். நான் துறைமுகத்தில வேலை செய்யிறனான். எல்லாருக்கும் நானே சொல்லிப்போடுறன். இந்தப் பிள்ளையின்ர வேலைக்கு மட்டும்..."

புரொபெசர் பேர்னாட் கதவைச் சாத்தினார். சாவியைப் போட்டுப் பெட்டியைத் திறந்தார். சலங்கை ஒன்றுமில்லை. சின்னச் சின்னச் சுத்தியல்கள், திருகுசாவிகள், இரும்புச் சுருதிக்கவைகள். ஒரு திருகுசாவியை எடுத்துக்கொண்டு பியானோவிடம் போனார். தலையை ஒரு பக்கம் சரித்து, காதைக் கூர்மையாக்கி, ஒற்றை விரலால் ஏழாவது கட்டையைத் தட்டினார்.

"பயப்படாதீங்க தம்பி, ஆட்டத்துல குத்தம் சொல்ல எனக்குத் தெரியாது. பன்னண்டு வருஷத்துக்கு முன்னால ரங்கூன்ல நானும் ஒரு ஹாலுக்குப் பியானோ சரிபண்ணத்தான் போனேன், வாசல்லயே மாலையப் போட்டுட்டாங்க."