நாலு விரல் உயரம்

வண்டி சொந்த வீட்டு வாசலிலேயே மாட்டிக்கொண்டது.

ஷர்ஷென் இறங்கி அண்ணாந்து பார்த்தார். வேனின் கூரைமேல் இருந்த கேரியர், கேட்டுக்கு மேலே போகும் மரவிட்டத்தில் முட்டிக்கொண்டு நின்றது. நேற்றுவரை கண்ணை மூடிக்கொண்டு நுழைந்த வாசல்.

பக்கத்து வீட்டு ஊல்கான் மாட்டைப் பிடித்துக்கொண்டு அந்த வழியாக வந்தாள். "என்னண்ணே, வண்டி வளந்துடுச்சா?"

"நாலு விரல் வளந்திருக்கு."

"எங்க வீட்டுக்காரரும் கல்யாணத்துல இருந்து அப்படியேதான் இருக்காரு. எந்த டாக்டர்கிட்ட காட்டினீங்க?"

அதற்குள் அவள் மாடு வண்டியின் பின்பக்கம் போய், கதவு இடுக்கை நக்க ஆரம்பித்திருந்தது. பனிக்காலம் முழுக்க அதற்கு இதே வேலை. "உங்க வண்டின்னா இதுக்கு உசுரு" என்று ஊல்கான் கயிற்றை இழுத்தாள். ஊரில் ஒரு ஜீவனாவது தன் வண்டியை மதிக்கிறதே என்று ஷர்ஷென் மனசுக்குள் சந்தோஷப்பட்டார்.

வண்டி வளர்ந்ததற்குக் காரணம் அவர் மனைவி ஜூரா. ஆனால் வளர்க்கச் சொல்லி அவள் கேட்கவில்லை. அவள் எதையுமே கேட்பதில்லை என்பதுதான் ஷர்ஷெனின் கவலை.

ஜூரா மலை மேய்ச்சலில் பிறந்தவள். கோடை வந்துவிட்டால் கீழே கொச்கோர் ஊரில் அவள் கால் தரிக்காது. குதிரையேறி, சொன்-கோல் ஏரிக்கரையில் தம்பி ஜுமாபெக் போட்டிருக்கும் கூடாரத்துக்குப் போய், குதிரைப்பால் கறந்து, அதைக் கிமிஸாகப் புளிக்கவைத்து, முகம் கறுத்துத்தான் திரும்புவாள். முழங்கால்தான் கெடுத்தது. ஒரு கோடை வலியில் போயிற்று. அடுத்த கோடை ஆஸ்பத்திரியில் போயிற்று. குதிரைமேல் இனி ஏறவே கூடாது என்று டாக்டர் சொன்னபோது, அவள் தலையை ஆட்டிவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். அவள் புட்டிப்பால் கொடுத்து வளர்த்த செம்பழுப்புக் குதிரை மலையில் இருந்தது.

"குதிரை போனா என்ன? நம்ம வண்டி நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி. உன்னை நான் கூட்டிட்டுப் போறேன்" என்றார் ஷர்ஷென்.

போன மாதம் பாதை திறந்ததும் கூட்டிக்கொண்டும் போனார். பாதிவழியில் ஆறு. ஆற்றின் நடுவில் 'கிழவன் பல்' என்று ஒரு பாறை. எல்லா வண்டியும் அதைத் தாண்டிப் போகிறது. இவர் வண்டி மட்டும் பின்வயிற்றைத் தட்டி, அதன்மேல் பெட்டைக்கோழி மாதிரி உட்கார்ந்துகொண்டது. டிராக்டர் வந்து இழுத்தது. ஜூரா பிளாஸ்க்கைத் திறந்து, நனைந்துபோன அவருக்கு டீ ஊற்றிக்கொடுத்து, "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்ங்க" என்றாள்.

அந்த 'அடுத்த வருஷம்' ஷர்ஷெனின் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. இந்த வருஷத்து முதல் கிமிஸ் விருந்துக்கு இவளை மேலே கொண்டுபோய்ச் சேர்க்காவிட்டால் நான் மனுஷனே இல்லை என்று முடிவு செய்து, மறுநாளே மெக்கானிக் தொலோனிடம் வண்டியை விட்டார்.

தொலோன் வண்டியைச் சுற்றி வந்து உதட்டைப் பிதுக்கினான். "பின்பக்கம் ரொம்ப உட்கார்ந்திருக்கே அண்ணே. உள்ள பாரம் ஏதாவது இருக்கா?"

"ஒண்ணும் இல்ல. உருளைக்கிழங்கெல்லாம் இறக்கிட்டேன். பின்னால அந்த மரப்பெட்டி மட்டும்தான். அது என் பொண்டாட்டியோட பெட்டி."

பின்சீட்டு ஒடிந்தபோது ஷர்ஷென் தானே செய்த பெட்டி அது. மேலே உட்காரலாம், உள்ளே சாமான் வைக்கலாம். செய்து முடித்த அன்றே ஜூரா அதில் நாலு ரஜாயை மடித்துவைத்து, பூட்டுப் போட்டு, சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். அதோடு அது அவளுடைய சீதனப் பெட்டிக்குச் சமமாகிவிட்டது. மனைவியின் பெட்டியை எங்கள் பக்கத்து ஆம்பளை திறக்க மாட்டான். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்கவும் மாட்டான். வீடு பற்றி எரிந்தால்கூடப் பெட்டியோடுதான் தூக்கிக்கொண்டு ஓடுவான்.

பூட்டைத் தொடப் போன தொலோன் சூடு பட்டவன்போல் கையை இழுத்துக்கொண்டான். "அக்கா பெட்டியா? மன்னிச்சுக்கணும். என்ன, மெத்தை, ரஜாயிதானே இருக்கும்."

"அதேதான்."

"அப்ப ஸ்பிரிங் செத்துப்போச்சு. வேற என்ன?" தொலோன் தன் தடித்த கையை நீட்டி நாலு விரலைச் சேர்த்துக் காட்டினான். "இவ்வளவு தூக்கிடுறேன். உயரமான ஸ்பிரிங், நீளமான ஷாக் அப்சார்பர். முன்பக்கத்தையும் திருகி ஏத்திடுறேன். கிழவன் பல்லு உங்களப் பாத்து வாயை மூடிக்கும்."

அப்படித் தூக்கப்பட்ட வண்டிதான் இப்போது வாசலில் நிற்கிறது.

ஷர்ஷென் ரம்பத்தைக் கொண்டுவந்து விட்டத்தை அறுத்தார். வண்டி ராஜாபோல் உள்ளே நுழைந்தது. விட்டம் போனதும் கேட்டின் இரண்டு கதவும் ஒன்றையொன்று பார்த்துச் சாய்ந்துகொண்டன. இழுத்தால் மூடவில்லை, மூடினால் நிற்கவில்லை. விடிவதற்குள் ஊல்கானின் மாடு உள்ளே வந்து, ஜூராவின் வெங்காயப் பாத்தியில் பாதியைத் தின்றுவிட்டு, சாவகாசமாக வண்டியின் பின்கதவை நக்கிக்கொண்டிருந்தது.

ஜூரா வெங்காயத்தையும் பார்த்தாள், வண்டியையும் பார்த்தாள். "எதுக்குங்க இந்த வண்டிக்குப் பொய்க்கால்?"

"ஏறிப் பாரு, தெரியும்."

அவள் ஏறப் பார்த்தாள். நல்ல காலை ஊன்றி, ஆபரேஷன் காலைத் தூக்கினாள். எட்டவில்லை. மாற்றி முயன்றாள். ஆபரேஷன் கால் தாங்கவில்லை. கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றுவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் பாவாடையை உதறி, "டீ ஆறிடும், வாங்க" என்று உள்ளே போய்விட்டாள்.

ஷர்ஷெனுக்கு இடி விழுந்த மாதிரி ஆயிற்று. யாருக்காக வண்டியைத் தூக்கினாரோ அவளுக்கே அது எட்டாக்கனி ஆகிவிட்டது.

திரும்ப தொலோன். "படி வெச்சிடலாம்ணே" என்றான் அவன். பக்கவாட்டில் கனமான இரும்புப்படி ஒன்றைப் பற்றவைத்தான். ஜூரா சுலபமாக ஏறி உட்கார்ந்தாள். ஷர்ஷென் பூரித்துப்போய், குனிந்து தரைக்கும் படிக்கும் நடுவே கையை விட்டுப் பார்த்தார். தூக்கிய நாலு விரலையும் படி விழுங்கியிருந்தது.

"தொலோனு, இது கிழவன் பல்லுல இடிக்குமே!"

"இடிக்கும்தான். அக்கா ஏறணும்னீங்க, வெச்சேன். ஆத்தைத் தாண்டணும்னா எடுக்கணும். ரெண்டும் வேணும்னா எப்படிண்ணே?"

படியை அறுத்தார்கள். அறுக்கும்போது வண்டியின் ஓரத்தில் பெயின்ட் கருகி, ஒட்டகம் படுத்திருப்பதுபோல் ஒரு தழும்பு விழுந்தது. கடைசியில் ஷர்ஷென் கொட்டிலிலிருந்து பால் கறக்கும் முக்காலியை எடுத்துவந்து, அதன் காலில் ஒரு கயிறு கட்டினார். முக்காலியில் ஏறி, வண்டியில் ஏறி, கயிற்றைப் பிடித்து முக்காலியை மேலே இழுத்துக்கொள்ள வேண்டியது. மூன்று தடவை மெக்கானிக்கிடம் போய் வந்த பிறகு கிடைத்த விஞ்ஞானம் இதுதான்.

விருந்து நாள் காலையில் அதுவும் வழுக்கிற்று. முக்காலி சாய, ஜூரா பின்னால் சரிய, ஷர்ஷென் இரண்டு கையாலும் அவளைத் தாங்கி அப்படியே தூக்கி உள்ளே உட்காரவைத்தார்.

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஊல்கான் கைதட்டினாள். "கல்யாணத்தன்னைக்குக்கூட அண்ணன் இப்படித் தூக்கலையே!"

"அன்னைக்கு வண்டி உயரம் கம்மி" என்றார் ஷர்ஷென், மூச்சு வாங்க. ஜூரா சிரிப்பை அடக்கிக்கொண்டு ரோட்டைப் பார்த்தாள்.

புது ஸ்பிரிங் கல்லுபோல் விறைப்பாக இருந்தது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் மடியிலிருந்த போர்சோக் பணியாரங்கள் தட்டிலிருந்து எழும்பி, ஆளுக்கொரு பக்கம் விழுந்தன. ஒன்று ஷர்ஷெனின் தொப்பியில் உட்கார்ந்தது. ஆறு வந்தது.

ஷர்ஷென் கடவுளை வேண்டிக்கொண்டு இறக்கினார். முன்சக்கரம் தாண்டியது. பாறை வண்டியின் அடியில் போயிற்று. "தாண்டிட்டோம்!" என்று அவர் கத்திய நிமிஷத்தில், பின்பக்கம் 'டொக்' என்று தட்டி நின்றது.

அவர் ஜூராவின் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்தால் அந்த 'அடுத்த வருஷம்' வந்துவிடும். வேகமாக இறங்கி, இடுப்பளவு பனித்தண்ணீரில் நின்று, பாரத்தைக் குறைக்க ஆரம்பித்தார். மாவு மூட்டை கரைக்குப் போயிற்று. உருளைக்கிழங்கு போயிற்று. கேஸ் சிலிண்டர் போயிற்று.

"நானும் பாரம்தானே, இறங்கவா?" என்றாள் ஜூரா.

"நீ இறங்கினா, திரும்ப ஏத்துறதுக்குள்ள மேல கிமிஸ் வினிகரா ஆயிடும். உட்காரு."

"அப்ப பெட்டி?" அவள் குரல் கொஞ்சம் தயங்கியது. "அதை வேணா…"

"நாலு ரஜாயி என்ன கனம் கனக்கப்போகுது? பஞ்சுதானே! அது கிடக்கட்டும். நீ நகர்ந்து ஸ்டியரிங் முன்னால வா. நான் பின்னாலேர்ந்து தள்ளுறேன்."

"எனக்கு வண்டி ஓட்டத் தெரியாதுங்க!"

"குதிரை ஓட்டத் தெரியும்ல? கியர் தானா விழும். வலது காலால மிதி. அது உன் நல்ல காலு!"

ஜூரா மிதித்தாள். பயந்து மிதித்தால் பாதி மிதிப்பாள் என்று அவர் நினைத்திருந்தார். குதிரைமேல் வளர்ந்தவள் அப்படியெல்லாம் மிதிப்பாளா? வண்டி ஒரு உறுமு உறுமி, பாறையைக் கறகறவென்று உரசி, எகிறிக் கரையேறி, நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது. பின்னால் தோள் கொடுத்திருந்த ஷர்ஷென் குப்புறத் தண்ணீரில் விழுந்தார்.

"நிறுத்து! ஜூரா! நிறுத்து!"

"எப்படி நிறுத்தறது?"

"இன்னொண்ணை மிதி!"

தூரத்தில் புல்வெளியில் வண்டி குலுங்கி நின்றது. சொட்டச் சொட்ட ஓடிவந்து அவர் கதவைத் திறந்தபோது, ஜூரா ஸ்டியரிங்மேல் கவிழ்ந்து கிடந்தாள். அழுகிறாள் என்று நினைத்துப் பதறிவிட்டார். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் நீர் வர, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மூச்சு திணறச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை காலமாயிற்று! ஷர்ஷெனுக்குக் குளிரே மறந்துபோயிற்று. இதற்காக இன்னும் நாலு கேட்டை அறுக்கலாம் என்று தோன்றியது.

கரையில் இறக்கியதையெல்லாம் திரும்ப ஏற்றிக்கொண்டு மேலே போய்ச் சேர்ந்தார்கள். ஏரி நீலமாய்க் கிடந்தது. ஜுமாபெக் ஓடிவந்து அக்காவைக் குழந்தையை இறக்குவதுபோல் இறக்கினான். "வா அக்கா! மச்சான், என்ன இது, வண்டியா ஒட்டகமா? ஏணி போட்டுத்தான் எட்டிப் பாக்கணும் போலிருக்கே!"

"நாலு விரல்தான் தூக்கினேன்" என்றார் ஷர்ஷென்.

மேய்ச்சலிலிருந்து செம்பழுப்புக் குதிரை தலையைத் தூக்கிப் பார்த்தது. ஜூரா இரண்டு கையையும் நீட்டினாள். குதிரை நேரே அவளை நோக்கி வந்தது. வந்து, அவளைத் தாண்டிப் போயிற்று. வண்டியின் பின்பக்கம் போய் நின்று, கதவை நக்க ஆரம்பித்தது.

நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. "மறந்துடுச்சு போல" என்றாள் ஜூரா மெதுவாக. ஷர்ஷென் குதிரையை முறைத்தார். இவ்வளவு பாடும் இதைப் பார்க்கத்தானா?

ஆனால் ஜூரா ஏனோ மறுநிமிஷமே சிரித்தாள். "இல்ல இல்ல. இது திருடி. மோப்பம் பிடிச்சிருக்கு." கழுத்திலிருந்து சாவியைக் கழற்றித் தம்பியிடம் கொடுத்தாள். "பெட்டியத் திறடா."

ஜுமாபெக் ஏறித் திறந்தான். மேலே நாலு ரஜாய். அவற்றுக்கு அடியில் பெட்டி நிறைய, ஆட்டுத்தலை பருமனில், இளஞ்சிவப்பும் சாம்பலுமாய்க் கட்டி கட்டியாகப் பாறையுப்பு. ஜூரா ஒரு துண்டைக் கையில் ஏந்தினாள். குதிரை வந்து, அவள் உள்ளங்கையை நக்கி, பிறகு நெற்றியை அவள் தோளில் அழுத்தி நின்றது. மறந்த குதிரை அப்படி நிற்காது.

ஷர்ஷென் வாயைத் திறந்தவர் மூடவில்லை. "இதெல்லாம் எப்போ?"

"சந்தையில நீங்க கிழங்கு வித்துட்டிருக்கிறப்பல்லாம் நான் ஒரு கட்டி வாங்கிப் பெட்டியில போட்டேன். இலையுதிர்காலத்துல இருந்து. இவளுக்கு நம்ம கொச்கோர் சுரங்கத்து உப்புன்னா உசுரு."

"என்கிட்ட சொல்லக்கூடாதா?"

"சொன்னா, எனக்கு இவ்வளவு ஆசைன்னு தெரிஞ்சிடும். கூட்டிட்டு வர முடியலன்னா நீங்க உடைஞ்சு போயிடுவீங்க." அவள் குதிரையின் பிடரியைக் கோதினாள். "போன மாசம் திரும்பினப்பவே இறக்கி வெச்சிருக்கலாம். மனசு வரலைங்க. இறக்கினா, நான் இனிமே வரவே போறதில்லன்னு ஆயிடும்ல?"

ஷர்ஷென் ஈரத் தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். துடைத்தது ஆற்றுத் தண்ணீர் மட்டும் இல்லை.

ஜுமாபெக் உப்புக் கட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கிப் புல்லில் அடுக்கினான். ஒவ்வொரு கட்டிக்கும் வண்டியின் பின்பக்கம் பெருமூச்சு விட்டபடி மேலே எழும்பியது. கடைசிக் கட்டி இறங்கியபோது, பின்பக்கம் வானத்தையும் முன்விளக்குகள் புல்லையும் பார்த்துக்கொண்டு, வண்டி தொழுகைக்குக் குனிந்ததுபோல் நின்றது.

ஜுமாபெக் வண்டியைப் பார்த்தான், உப்பு மலையைப் பார்த்தான், கையிலிருந்த பெட்டி மூடியைப் பார்த்தான்.

"ஏன் மச்சான், வண்டிய நாலு விரல் தூக்கினதுக்கு, இந்த மூடிய நாலு விரல் தூக்கியிருந்தாப் போதுமே!"