தீப்பெட்டி அளவு வீடியோ கேம்

வாசகரே, வீடியோ கேம் ஆடுகிறவர்களைப் பற்றி இங்கே பேசப் போவதில்லை. அவர்கள் பாவம், ஆடுகிறார்கள், தோற்கிறார்கள், தூங்கப் போகிறார்கள். நான் சொல்வது, அந்த வீடியோ கேம் பெட்டியைத் தீப்பெட்டி அளவில் காகிதத்தில் வெட்டி, மடித்து, ஒட்டிச் செய்கிற இனத்தை. இவர்கள் ஆடுவதே இல்லை. நிஜப் பெட்டி வீட்டில் இருக்கும். அளவெடுக்க மட்டும் அதை வெளியே எடுப்பார்கள்.

நம்முடைய லென்ஸ்காரரையே எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவர். மாலையில் வந்ததும் சாப்பாட்டு மேஜையில் பாதியைப் பிடித்துக்கொண்டு, கத்தரி, இடுக்கி, பல்குச்சி, பசைக் குப்பி என்று கடை பரப்பி, பறந்துவிடுமோ என்று மூச்சையும் அடக்கிக்கொண்டு, கடுகளவுப் பொத்தானை ஒட்டிக்கொண்டிருப்பார். யாரும் மின்விசிறி போடக் கூடாது. தும்மக் கூடாது. மகள் கிட்டே வந்தால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்க்க வேண்டும். விளையாட்டுச் சாமானுக்கு இப்படி ஒரு சட்டம் உண்டா?

சென்ற மாதம் அவருக்கு அட்டை சரியாக அமையவில்லை. கடையில் வாங்கியதெல்லாம் மடிப்பில் வெடித்தது. வீட்டை அலசியதில், அலமாரியில் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் அவர் கனவு கண்ட அட்டை இருந்தது. வெள்ளை, வழவழப்பு, மடித்தால் சொன்ன பேச்சுக் கேட்கும். பின்பக்கம் கோடு போட்டார், வெட்டினார், ஒட்டியும் முடித்தார். தாளுக்கு முன்பக்கம் என்று ஒன்று உண்டு என்பது இந்த இனத்துக்குத் தோன்றவே தோன்றாது.

முன்பக்கம் இருந்தது அவர் மனைவியின் ஆய்வகப் படிப்புச் சான்றிதழ். மறுநாள் காலை மருத்துவமனையில் அவளுக்கு நேர்முகத் தேர்வு. ஆறு வருஷமாகக் காத்திருந்த வேலை. அசல் இல்லாமல் உள்ளேயே விடமாட்டார்கள்.

அவள் அழுதாள். அவர் தலைகுனிந்து நின்றார். நின்றபடியே சொன்னார்:

"பிரிச்சுடலாம். ஆனா மடிப்பு போயிடும்."

மறுநாள் அவள் அந்தக் காகிதப் பொம்மையை டிபன் டப்பாவில் வைத்து எடுத்துக்கொண்டு போனாள்.

அங்கே மூன்று பேர் உட்கார்ந்து சான்றிதழ் கேட்டார்கள். டப்பாவைத் திறந்து காட்டினாள். மூடியைத் தூக்கினால் பல்கலைக்கழக முத்திரை, பக்கச் சுவரின் உட்புறம் அவள் பெயர், கையில் பிடிக்கிற கன்ட்ரோலருக்குள் முதல் வகுப்பு. மூவரும் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்கள். பிறகு ஒரு மணி நேரம் கேள்வியாகக் கேட்டார்கள். அவள் ஒன்றுக்கும் திணறவில்லை.

சாயங்காலம் லென்ஸ்காரர் வாசலிலேயே காத்திருந்தார். வேலை கிடைத்ததா என்றா கேட்டார்?

"ஜாய்ஸ்டிக் உடையலையே?"

"வேலை கெடச்சிடுச்சுங்க. அசல் சர்டிபிகேட் அவங்க பீரோவுலயே இருக்கணுமாம். நான் ரிட்டயர் ஆனப்பறம் தருவாங்களாம்."

லென்ஸ்காரர் அப்போதுதான் அழுதார்.

சரி, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். சான்றிதழ் என்றதும், ஐயோ, அவள் வேலை போச்சே என்றீர்களா? இல்லை, முத்திரை மூடிக்குள் முழுசாக விழும்படி எப்படி வெட்டியிருப்பார் என்று அங்கேயே நின்றுவிட்டீர்களா? நின்றவர்கள், வீட்டு அலமாரிச் சாவியை இப்போதே வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள்.