மிரர்லெஸ் வாங்கி நான் நிறுத்திய கல்யாணம்

நான் படிப்பில் ஏழாவதைத் தாண்டவில்லை. ஆனால் நான் எடுத்த கல்யாணப் படங்களை வரிசையாக அடுக்கினால் பெங்களூர் நீலசந்திராவிலிருந்து எலெக்ட்ரானிக் சிட்டி வரைக்கும் போகும். (மேம்பாலம் வழியாகத்தான், கீழே டிராஃபிக்.) அப்படிப்பட்டவன் ஒரு கல்யாணத்தைத் தாலி கட்டும் நேரத்தில் நிறுத்திவிட்டான் என்பதை நானே சொல்லிவிடுவது நல்லது. எங்கள் சொந்தக்காரர்கள் சொன்னால் கூட்டிச் சொல்வார்கள்.

என் பழைய டிஎஸ்எல்ஆர் கேமராவுக்குள் ஒரு சின்னக் கண்ணாடி உண்டு. ஒவ்வொரு படத்துக்கும் அது 'டப்'பென்று எழும்பி விழும். நாதஸ்வரம் காதைக் கிழித்தாலும் விரலில் அந்த அதிர்வு தெரியும். தெரிந்தால் படம் விழுந்துவிட்டது என்று அர்த்தம். எடுத்த படத்தைத் திரையில் திருப்பிப் பார்ப்பவன் கத்துக்குட்டி என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன் நான்.

போன வருஷம் மிரர்லெஸ் கேமராவுக்கு மாறினேன். கண்ணாடியே கிடையாது, எடை பாதி. கடைக்காரர் மெனுவை விளக்க வந்தார். "எனக்கேவா?" என்றேன். பாவம், டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார். வீட்டில் பெட்டியைப் பிரிக்கும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவினேன். என் கல்யாணத்தில்கூட அப்படிக் கழுவவில்லை. அடுப்படியில் தோசை திருப்பிக்கொண்டிருந்த சரோஜாவை நோக்கிப் பிடித்தேன். கேமரா தானாக ஒரு பச்சைக் கட்டத்தை அவள் கண்ணில் கொண்டுபோய் வைத்தது. நான் குதித்தேன்.

"இத்தனை வருஷத்துல நீங்க பாக்காத மூஞ்சிய அந்தக் கேமராவாவது பாக்குதே," என்றாள் என் மனைவி.

முதல் வேலை அவள் தம்பி முனிரத்தினத்தின் ஒரே மகள் தீபாவின் கல்யாணம். அவன் வைட்ஃபீல்டிலிருந்து டிரோன் சகிதம் ஒரு போட்டோ கோஷ்டியைப் பேசி வைத்திருந்தான். நான் அதை ரத்து செய்யவைத்தேன்.

"மாமா, மத்த படம் எப்படி வந்தாலும் பரவால்ல. தாலி கட்டுற படம் மட்டும் வந்துரணும்," என்றான்.

"புதுக் கேமராடா. தாலியில இருக்கிற மஞ்சள் வாசனைகூட வரும்," என்றேன்.

மற்றச் சடங்கையெல்லாம் பழையதிலேயே எடுத்தேன். முகூர்த்தத்துக்கென்றே புதுசை உறையிலிருந்து உருவினேன், நாலு பேர் பார்க்கட்டும் என்று கொஞ்சம் மெதுவாகவே. மேடையில் வெளிச்சம் போதவில்லை என்று தோன்றியது. பழைய பழக்கத்தில் விரல் தானாகப் போய் ஒரு பொத்தானை அழுத்தி, பக்கத்துச் சக்கரத்தைத் திருகியது. பழசில் அது வெளிச்சத்தைக் கூட்டும். புதுசில் அது சத்தத்தையும் ஃபிளாஷையும் அடியோடு நிறுத்தும் என்பது எனக்கு அப்போது தெரியாது.

கெட்டிமேளம். மாப்பிள்ளை தாலியை எடுத்துவிட்டார். அழுத்தினேன். 'டப்' இல்லை. விரலில் ஒன்றும் தெரியவில்லை. ஃபிளாஷும் மின்னவில்லை. நகம் வெளுக்க அழுத்திப் பிடித்தேன். செத்த கோழியைப் பிடித்ததுபோல் இருந்தது. மாப்பிள்ளையின் கைகள் தீபாவின் கழுத்துக்குப் பின்னால் போய்விட்டன. முதல் முடிச்சு விழப்போகிறது.

"நிறுத்துங்க. தாலி கட்டாதீங்க," என்று கத்தினேன். மாப்பிள்ளை வீட்டில் பாதிப் பேர் மண்டியா ஊர்க்காரர்கள் என்பதால் "நில்லிசி, நில்லிசி" என்று கன்னடத்திலும் சேர்த்துக் கத்தினேன். ஆகையால் மண்டபத்தில் புரியாதவர் என்று ஒருவரும் இல்லை.

மேளம் நின்றது. அட்சதை பிடித்த கைகள் அந்தரத்தில் நின்றன. முன்வரிசையில் ஓர் அம்மா, "எனக்கு அப்பவே சந்தேகம்," என்றார். மாப்பிள்ளையின் அப்பா வேட்டியை மடித்துக் கட்டினார்.

முனிரத்தினம் வந்து என் கையைப் பிடித்தான். "மாமா, என்ன தெரியும் உங்களுக்கு? எதுவா இருந்தாலும் நேத்தே சொல்லியிருக்கலாமே."

தீபா தலையைத் திருப்பி மாப்பிள்ளையை ஒரு பார்வை பார்த்தாள். மாப்பிள்ளைக்கு வேர்த்துக் கொட்டியது. (எதற்கு வேர்த்தது என்று இதுவரை யாரும் விசாரிக்கவில்லை.)

"கேமரா வேலை செய்யல," என்றேன்.

மேளக்காரர் குச்சியைக் கீழே வைத்துவிட்டார்.

"அவ்வளவுதானா?" என்றார் சம்பந்தி, மடித்த வேட்டியை என்ன செய்வதென்று தெரியாமல்.

"இப்படிக் குடுங்க மாமா," என்று தீபா கையை நீட்டினாள். மாலையை ஒதுக்கிவிட்டுக் கேமராவின் பின்னாலிருந்த ஒரு பொத்தானைத் தட்டினாள். கழுத்துக்குப் பின்னால் தாலிக் கயிற்றின் இரண்டு நுனியையும் விடாமல் பிடித்தபடி மாப்பிள்ளையும் எட்டிப் பார்த்தார். திரையில் படங்கள் ஓடின. நூற்றுக்கு மேல். ஒன்றுவிடாமல் கூர்மை.

"எல்லாம் விழுந்திருக்கு. சைலண்ட்ல போட்டிருக்கீங்க," என்று கேமராவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஐயரைப் பார்த்தாள். "கட்டச் சொல்லுங்க சாமி."

மேளம் மறுபடி எழுந்தது. மூன்று முடிச்சுக்கும் முனிரத்தினம் என் முதுகோடு ஒட்டி நின்று, "விழுந்துச்சா மாமா, விழுந்துச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். ஒவ்வொரு தடவையும் கத்துக்குட்டி மாதிரி திரையைத் திருப்பிப் பார்த்து "விழுந்துருச்சுடா" என்றேன்.

தாலிப் படம் அருமையாக வந்தது. ஆனால் அவன் பெரிதாகச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருப்பது அதை அல்ல, பொத்தானிலிருந்து விரலை எடுக்காமல் நான் கத்திய நொடியில் விழுந்த படத்தை. ஐயர், மேளக்காரர், சம்பந்தி, பெண், மாப்பிள்ளை, எல்லோரும் வாயைப் பிளந்து நேராகக் கேமராவையே பார்க்கிறார்கள். முகூர்த்த நேரத்தில் ஒரு மேடையையே தன் பக்கம் பார்க்கவைத்த போட்டோகிராஃபர் இந்த பெங்களூரில் வேறு யார், சொல்லுங்கள்.

இப்போது எங்கள் குடும்பத்துக் கல்யாணங்களில் ஒரு சடங்கு கூடியிருக்கிறது. தாலித் தட்டு சபையைச் சுற்றி வந்ததும் ஐயர் அதை மாப்பிள்ளையிடம் நேரே கொடுப்பதில்லை. மைக்கைப் பிடித்து, "போட்டோக்கார மாமாவுக்கு ஏதாவது ஆட்சேபணை உண்டா?" என்று கேட்கிறார். மண்டபமே என் பக்கம் திரும்புகிறது. நான் எழுந்து நின்று, "இல்லை, கட்டலாம்," என்ற பிறகுதான் மேளக்காரர் குச்சியைத் தூக்குகிறார்.